பூட்டி வைத்த ஏணி

1. ஏணி போன நாள்

மலாயா அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் முதலில் பூட்டப்பட்டது அரிசி. அதற்கு அடுத்துப் பூட்டப்பட்டது என் ஏணி.

அரிசியைப் பூட்டிய காரணம் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. ஜாசின் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த பழைய வரிசை வீடுகளை, அதாவது லயங்களைப் பிரித்துப் போட்டுவிட்டு, எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் புதிய லயங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, மூலைக்கு மூலை காவல் மேடை, உள்ளே வர வெளியே போக ஒரே ஒரு கேட். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள்.

நான் அந்தத் தோட்டத்தில் லயம் பார்க்கிற ஆள். கூரைத் தகரம் ஒழுகினால் அடைப்பது, கதவு இறங்கினால் தூக்கி நிறுத்துவது, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வாங்கும் கட்டரைச் சுத்தம் செய்வது, இவைதான் வேலை. மலாக்கா டவுனில் ஒரு சீனர் தகரக் கடையில் ஈயம் பற்றவைக்கப் பழகியிருந்தேன், அதனால் கிடைத்தது. பிற்பாடு பாச்சாங்கில் சொந்தமாகக் கட்டர் கடை போட்டு, புக்கிட் பெருவாங், புக்கிட் காத்தில் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கெல்லாம் கட்டர் மாட்டி, இப்போது முட்டி போனதால் உட்கார்ந்துவிட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் கட்டர் எப்படி மாட்டுவது என்று என்னிடம் கேட்பார்கள். கட்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கூரை ஒழுகும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலி போட்டு முடித்த கொஞ்ச நாளில் போலீஸ் சார்ஜெண்ட் எங்கள் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியோடு என் கொட்டகைக்கு வந்தார். சார்ஜெண்ட் மலாய்க்காரர், ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். என் ஏணியைக் காட்டி, இனிமேல் இது கேட்டுப் பக்கத்துக் காவல் கொட்டகையில் இருக்கும் என்று மலாயில் சொன்னார். வேறொரு தோட்டத்தில் யாரோ வேலிமேல் ஏணியைச் சாய்த்து அரிசி மூட்டையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்களாம். அதனால் வேலிக்குள்ளே ஏணி இருக்கக் கூடாது என்று உத்தரவு.

"அப்ப கட்டரு சுத்தம் செய்ய என்னா பண்றது?" என்று கிராணியைக் கேட்டேன்.

"பெர்மிட் கேளு. தருவாங்க."

"யார்கிட்ட கேக்கறது?"

"என்கிட்ட கேளு. நான் துரைகிட்ட கேப்பேன். துரை சார்ஜெண்டுகிட்ட கேப்பாரு."

"சார்ஜெண்டு யார்கிட்டங்க கேப்பாரு?"

கிராணி என்னை முறைத்தார். "கோபாலு, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. இந்தக் காலத்துல வாயினால போனவன்தான் அதிகம்."

அவர் சொன்னது பொய்யில்லை. போன மாதம்தான் ரப்பர் பாலுக்கு எடை போடுகிற இடத்தில் என்னவோ பேசினான் என்று ஒருவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏணியின் ஒரு முனையைச் சார்ஜெண்டே தூக்கினார், மறுமுனையை நான் தூக்கினேன். என் ஏணியை நானே சுமந்துபோய்ப் பூட்டுக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

2. கோடி வீடு

புதிய லயங்கள் அவசரத்தில் கட்டியவை. ஒரு மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி நிரப்பி, அதன்மேல் வரிசையாக வீட்டை ஏற்றினார்கள். கொட்டிய மண் இறுகுவதற்கு ஒரு மழைக்காலமாவது சும்மா விட வேண்டும். யாரும் விடவில்லை. ஒவ்வொரு லயத்திலும் முன்பாதி கெட்டி மண்ணில் நின்றது, பின்பாதி கொட்டிய மண்ணில் நின்றது. எங்கள் லயத்தில் கடைசியாக, வேலியை ஒட்டி இருந்த கோடி வீட்டுக்குக் கீழே கெட்டி மண் என்பதே கிடையாது.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் பலகைச் சுவர். கோடி வீட்டுக்கு மட்டும், வேலியைப் பார்த்த பக்கச் சுவரைக் கூரை வரைக்கும் செங்கல்லில் எழுப்பினார்கள். காட்டிலிருந்து சுட்டால் குண்டு உள்ளே வரக் கூடாதாம். இருப்பதிலேயே கனமான சுவர் இருப்பதிலேயே நொய்ந்த மண்ணின்மேல் ஏறியது. அஸ்திவாரம் முழங்கால் ஆழம்கூட இல்லை. சுவரடியில் மழைத்தண்ணீர் இறங்காமல் போட வேண்டிய சிமெண்டுத் திட்டைப் பிறகு போடலாம் என்று கான்டிராக்டர் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பிறகு வரவே இல்லை.

இப்போது தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். லயத்தின் நீளத்துக்கும் ஒரே கட்டர். அதன் சரிவு கோடி வீட்டைப் பார்த்து. முடிவில் ஒரு டவுன் பைப். பைப் தண்ணீரைக் கீழே லோங்காங்கில், அதாவது சாக்கடைக் காலில், விட வேண்டும், லோங்காங் அதை வேலிக்கு வெளியே பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சுவரடி மண்ணுக்கு மழை பெய்ததே தெரியாது. பைப் வாய் அடைத்துக்கொண்டால் ஒரு லயத்துக் கூரைத் தண்ணீர் முழுவதும் பொங்கி வழிந்து அந்த ஒரு மூலையில், அந்தச் செங்கல் சுவரின் காலடியில் கொட்டும். மண் கரைந்தால் அஸ்திவாரத்துக்குக் கீழே பொந்து விழும். சுவர் பொந்தின்மேல் எத்தனை நாள் நிற்கும் என்பது அந்தச் சுவரின் பொறுமை.

கோடி வீட்டில் ராமையா அண்ணன் குடியிருந்தார். அவர், மனைவி பாக்கியம், நடை பழகி முடித்து ஓட ஆரம்பித்திருந்த ஒரு பெண் குழந்தை. பாக்கியம் அண்ணி பால்மரம் சீவப் போவார். ராமையா அண்ணனும் முன்பு சீவியவர்தான். வேலி வந்த பிறகு அவரைக் காவலுக்கு எடுத்துத் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். இரவு முழுவதும் கேட்டில் நிற்பார், பகலில் வந்து தூங்குவார். தகரக் கூரைக்குக் கீழே பகலில் தூங்குவது லேசான காரியமில்லை. அதனால் பாயை அந்தச் செங்கல் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்வார்.

"இந்தச் சுவரு சில்லுனு இருக்குது தம்பி. துரை பங்களாவுலகூட இப்படி இருக்காதுலா" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார்.

வெயில் படுகிற செங்கல் சுவர் சில்லென்று இருக்காது. கீழேயிருந்து ஈரம் ஏறினால்தான் அப்படி இருக்கும். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

3. இலையும் மழையும்

தை மாசியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிடும். காடே மொட்டையாக நிற்கும். வேலியோரத்து மரங்களை வெட்டியிருந்தாலும் காற்று இலையைக் கொண்டுவந்து கூரைமேல் போடும். கட்டரில் விழுந்த இலை பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, பைப் வாயில் போய் அப்பளம் அடுக்கிய மாதிரி ஒட்டிக்கொள்ளும். முந்திய வருஷங்களில் இலை கொட்டி முடித்ததும் ஏணியைப் போட்டு அள்ளிவிடுவேன். ஒரு லயத்துக்கு ஒரு காலைப் பொழுது போதும்.

அந்த வருஷம் பெர்மிட் கேட்டேன். துரை கோலாலம்பூர் போயிருக்கிறார் என்றார் கிராணி. துரை வந்ததும் கேட்டேன். ஏணிக்குக் காவலாக இரண்டு போலீஸ்காரர் நிற்க வேண்டும், இப்போது ஆள் இல்லை என்று பதில் வந்தது. கட்டரில் இலை அள்ளுவதற்கு எதற்கு இரண்டு துப்பாக்கி என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. லாரியில் போனவனை நினைத்துக்கொண்டேன்.

ஏணி இல்லாமல் முடியுமா என்று பார்த்தேன். கோடி வீடு பள்ளத்துப் பக்கம் உயரமான அடித்தளத்தில் நின்றதால் கூரை விளிம்பு மேசைமேல் ஏறினாலும் எட்டவில்லை. நீளமான கழியில் கம்பிக் கொக்கி கட்டி இழுத்தேன். மேலே கிடந்த இலை வந்தது, பைப் வாயில் இருந்தது அசையவில்லை. மேசைமேல் தோங் என்கிற தகரப் பீப்பாய் ஒன்றைக் காலியாகக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். தலை கூரை மட்டத்துக்கு வந்திருக்கும். காவல் மேடையிலிருந்து "துருன், துருன்" என்று கத்தல். திரும்பினால் துப்பாக்கி என் பக்கம் நீட்டியிருந்தது. இறங்கச் சொன்னவனுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. இறங்கிவிட்டேன்.

சரி, மேலே முடியாவிட்டால் கீழேயாவது தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்று சங்கோல் மண்வெட்டியை எடுத்து மண்ணை வெட்டப் போனேன். வேலியிலிருந்து அவ்வளவு பக்கத்தில் மண் வெட்டக் கூடாது, சுரங்கம் தோண்டுகிறான் என்று நினைப்பார்கள் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். கூரைமேல் ஏறக் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது. லயம் பார்க்கிற ஆளுக்கு லயத்தைப் பார்க்க மட்டும்தான் அனுமதி.

முதல் மழையிலேயே கட்டர் மூலையில் பொங்கியது. போதாக்குறைக்குப் பாக்கியம் அண்ணி டவுன் பைப்பின் கீழ்ப்பாதியைக் கழற்றிவிட்டு அதன் கீழே, சுவரை ஒட்டி ஒரு தோங் வைத்திருந்தார். பைப்பில் கசிகிற தண்ணீரும் மேலே பொங்குகிற தண்ணீரும் தோங்கில் விழும். தோங் நிரம்பினால் எல்லாம் சுவரடியில்தான்.

"அண்ணி, இந்தத் தோங்க கொஞ்சம் தள்ளி வைங்க. தண்ணி சுவத்துக்குக் கீழ எறங்குது."

"தள்ளி வச்சா தண்ணி எப்படித் தம்பி விழும்? கொழாயில தண்ணி விடறது ஒரு மணி நேரம். நான் மரம் சீவிட்டு காட்டுலேருந்து வர்றதுக்குள்ள மூடிடறான். முன்ன மாதிரி ஆத்துக்குப் போக முடியுதா? இவரு வேட்டிய எதுல அலசறது, பிள்ளைய எதுல குளிப்பாட்டறது?"

ஆற்றையும் சேர்த்துத்தான் வேலிக்கு வெளியே விட்டிருந்தார்கள்.

4. ஏணிக்குக் காவல்

ராமையா அண்ணன் நின்ற இடம் கேட். கேட்டுக்குப் பக்கத்தில் காவல் கொட்டகை. கொட்டகைக்குள் என் ஏணி. இப்படியும் ஒரு கூத்து நடக்குமா என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். தன் வீட்டைக் காப்பாற்ற வேண்டிய ஏணிக்கு அந்த மனிதரே துப்பாக்கி பிடித்துக் காவல் நின்றார்.

ஒரு சாயங்காலம் அவர் காவலுக்குக் கிளம்பும்போது கூடவே நடந்தேன்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த சார்ஜெண்டுகிட்ட சொல்லுங்க. உங்க வீட்டு மூலதான் எறங்குது. உங்க ஆளுன்னு பார்ப்பாரு."

"நான் சொன்னா ராமையாவுக்கு ஏணி எதுக்குன்னு கேப்பான்."

"கட்டருக்குன்னு சொல்லுங்க."

"ஏணிக்குக் காவல் நிக்கறவனே ஏணி கேக்கறான்னு ஆயிடும் தம்பி. ஒனக்குப் புரியாது. எங்கள எவ்வளவு நம்பறாங்களோ அவ்வளவு சந்தேகமும் படறாங்க." துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஒருத்தன ஊருக்கு அனுப்பிட்டாங்கல்ல. என்னையும் அப்படி அனுப்பினா நான் எந்த ஊருக்குப் போவேன்? நான் பொறந்தது இங்க. எங்கப்பன் செத்ததும் இங்க. அங்க கப்பல்ல எறங்குனா யாரு வீட்டுக்குன்னு போய் நிப்பேன்?"

"சுவரு விழுந்துடும்ணே."

"விழாதுலா. குண்டுக்கே விழாதுன்னுதான கட்டியிருக்கான்."

அவர் முட்டாள் இல்லை. அவருக்குச் சுவரைவிட லாரிமேல் பயம் அதிகம், அவ்வளவுதான். அந்த நாளில் யாருக்குத்தான் அப்படி இல்லை.

5. கிராணி வந்த நாள்

சுவரடியில் மண்ணைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கோடு விட்டால் மண் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அந்தக் கோடு கோடி வீட்டில் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் பாக்கியம் அண்ணியின் சுத்தம். வெள்ளிக்கு வெள்ளி வாசலையும் சுவரடியையும் சுற்றிலும் சாணி போட்டு மெழுகிவிடுவார். மாடுகளைக்கூட வேலிக்கு வெளியேதான் கட்ட வேண்டும் அப்போது. சாணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தால், உள்ளே அரிசி இருக்கிறதா என்று போலீஸ்காரன் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பான். அத்தனை அவமானத்தையும் பட்டுத்தான் அவர் மெழுகினார்.

"அண்ணி, இந்த வெள்ளிக்கிழம மட்டும் சுவரடியில மெழுகாதீங்க. நான் மண்ணப் பாக்கணும்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெள்ளிக்கிழம மெழுகாம போட்டா வீடு வெளங்குமா?"

கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்கொள்ள வைத்தேன். ஒரு வெள்ளி விட்டார். நடுவில் ஒரு மழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் ஓரம் முழுவதும் கோடு. மூலையில் என் விரல் உள்ளே போனது. ஒரு ஈர்க்குச்சியை விட்டேன், அதுவும் முழுவதும் போய்விட்டது. அடியில் மண்ணே இல்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

நேரே ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் சொன்னேன். கிராணி மோசமான ஆளில்லை. அவருக்கும் மேலே பயம், கீழே பயம். "வாய்ப்பேச்ச வச்சிக்கிட்டு துரைகிட்ட போக முடியாது. நானே வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். அப்பதான் ஏணி கேக்க ஒரு மொகம் இருக்கும்" என்றார். நாளைக் காலையில் வருவதாகச் சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணியிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கிராணியை அழைத்துக்கொண்டு கோடி வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம். சுவரடி பச்சையாக, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் மெழுகியிருந்தது.

பாக்கியம் அண்ணி தலை சீவி, நல்ல சேலை கட்டி, நாற்காலி ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்டு வைத்திருந்தார். பெரிய கிராணி ஒரு லயத்து வீட்டுக்கு வருவது என்றால் சும்மாவா. அவர் வருகிற நேரத்தில் வீடு வெடித்துப்போய்க் கிடந்தால் குடும்பத்துக்கே கேவலம் இல்லையா. விடியுமுன்னே எழுந்து, விரிசலுக்குள் களிமண்ணை வைத்து அடைத்து, அதற்குமேல் இரண்டு தடவை மெழுகியிருந்தார்.

"எங்க கோபாலு விரிசலு?" என்றார் கிராணி.

நான் குனிந்து நகத்தால் சுரண்டினேன். சாணி வந்தது, களிமண் வந்தது. இன்னும் சுரண்டப் போனேன்.

"போதும் போதும். வீட்ட நல்லாதான் வச்சிருக்குது அந்தப் பொண்ணு, நீ எதுக்கு நோண்டற?" அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மாதிரி வீட்ட வச்சிக்கிட்டா சுவரு எதுக்கு விழப் போவுது?"

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த லயத்தில் அதுவரை எந்தக் கிராணியும் யாரையும் புகழ்ந்ததில்லை. திரும்பி நடக்கும்போது கிராணி என்னிடம் மெதுவாகச் சொன்னார், "இதுக்குப் போயி துரைகிட்ட ஏணி கேட்டா என்னத்தான் சந்தேகப்படுவாரு. இலை தானா மக்கிப் போயிடும், விடு."

அவர் போன பிறகு அண்ணி என்னிடம், "கோவிச்சுக்காத தம்பி. பெரிய மனுசரு வர்றப்ப எப்படி அப்படியே போடறது?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவரிடம் காட்ட மனம் வரவில்லை. விரிசலைக் காட்டத்தான் கிராணியைக் கூப்பிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அப்படி வளர்க்கப்பட்ட கை அது.

6. மத்தியானம்

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. நான் என் கொட்டகையில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது, கோடி வீட்டு மூலையில் கட்டர் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். மற்றவர்கள் வெடிகுண்டு என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள். காவல் மேடையிலிருந்து இரண்டு முறை காட்டைப் பார்த்துச் சுட்டார்கள்.

சுவர் வெளியே சாய்ந்திருந்தால் வேலிமேல் விழுந்திருக்கும். மூலை கீழே இறங்கியதும் சுவர் இடுப்பில் முறிந்து மேல்பாதி உள்ளே விழுந்தது. பாயைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார் ராமையா அண்ணன்.

பாக்கியம் அண்ணி பக்கத்து வீட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தார், குழந்தை அவர் மடியில் இருந்தது. நாங்கள் ஆறேழு பேர் கையாலேயே செங்கல்லை அள்ளிப் போட்டோம். சார்ஜெண்டும் எங்களோடு நின்று அள்ளினார். அவர் விரலெல்லாம் ரத்தம். ராமையா அண்ணனை வெளியே எடுத்தபோது முகத்தில் ஒரு காயமும் இல்லை. தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார். சுவரின் அடியைப் பார்த்தேன். ஒரு ஆள் உட்காரலாம் போன்ற பொந்து. அதன் வாயில் அண்ணி மெழுகிய சாணிப் பத்தை மட்டும் உடையாமல் ஓடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அண்ணி சத்தம் போட்டு அழவில்லை. "கிராணி வர்றாருன்னுதான் மெழுகினேன்" என்றார். யார் கிட்டே போனாலும் அதையே சொன்னார். கிராணியே வந்து நின்றபோதும் அவர் முகத்தைப் பார்த்து அதையே சொன்னார். கிராணி குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார்.

7. பாடை

மறுநாள் அடக்கம். பாடை கட்ட மூங்கில் வேண்டும். மூங்கில் புதர் வேலிக்கு வெளியே, காட்டோரம். அன்றைக்குப் பார்த்துக் காட்டோரம் ராணுவம் இறங்கியிருந்தது, கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. சுடுகாட்டுக்கு மட்டும் ரோடு வழியாகப் போய் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மூங்கில் இல்லாமல் பாடை எப்படிக் கட்டுவது என்று ஆண்கள் எல்லோரும் கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

சார்ஜெண்ட் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கிராணியிடம் கேட்டார். பிறகு போய்க் காவல் கொட்டகைப் பூட்டைத் திறந்தார். ஏணியை அவரே இழுத்து வெளியே எடுத்து எங்கள் முன்னால் படுக்க வைத்தார்.

அன்றைக்குப் பெர்மிட் கேட்கவில்லை. துரையிடம் கேட்கவில்லை. இரண்டு போலீஸ்காரர் தேவைப்படவில்லை. ஏணிமேல் தென்னங்கீற்று பரப்பி, வைக்கோல் போட்டு, ராமையா அண்ணனைக் கிடத்தினோம். முன் பக்கம் ஒரு தோள் என்னுடையது. என் ஏணியின் கனம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அது எனக்குப் பழக்கமில்லாத கனமாக இருந்தது.

சுடுகாட்டுக்குப் போன பாடை வீட்டுக்குத் திரும்பி வருவது நம் வழக்கத்தில் கிடையாது. ஏணியை இரண்டாக வெட்டி அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். கேட்டுக்குள் நுழையும்போது சார்ஜெண்ட் எங்கள் கையைப் பார்த்தார்.

"மானா தங்கா?" என்றார். ஏணி எங்கே என்று கேட்கிறார்.

"அது இனிமேல் வராதுங்க. ஆளைக் கொண்டுபோனது ஆளோடேயே போயிடும். எங்க வழக்கம்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் திறந்து கிடந்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைச் சாத்தச் சொன்னார். மணி ஆறாகிவிட்டிருந்தது.

அந்த வாரமே இரண்டு புது ஏணி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கட்டர் சுத்தம் செய்ய வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். எல்லா லயத்துக்கும் சுவரடியில் சிமெண்டுத் திட்டுப் போட்டார்கள். முன்பே செய்திருந்தால் ஒரு லாரி மணலும் கொஞ்சம் சிமெண்டும்தான் ஆகியிருக்கும். பாக்கியம் அண்ணிக்கு வேறு வீடு கொடுத்தார்கள். அவர் அங்கே வாசல் பெருக்கினார், தண்ணீர் தெளித்தார், கோலம்கூடப் போட்டார். மெழுக மட்டும் இல்லை. கொஞ்ச காலத்தில் அவருடைய அண்ணன் வந்து தாயையும் பிள்ளையையும் வேறு தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

8. தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு

கட்டர் கூரைக்காக இல்லை. மண்ணுக்காக. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் மேலே பார்ப்பதில்லை, சுவரடியைப் பார்ப்பேன். டவுன் பைப் எங்கே முடிகிறது, தண்ணீர் லோங்காங்குக்குப் போகிறதா, சுவரைச் சுற்றியே நின்றுவிடுகிறதா, மண் தெறித்த கறை சுவரில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, இதைப் பார்த்தால் கட்டர் எத்தனை நாளாக அடைத்துக் கிடக்கிறது என்று மேலே ஏறாமலே தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளே எந்தச் சுவர் சில்லென்று இருக்கிறது என்றும் கேட்பேன். வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்ப்பார்.

புக்கிட் பெருவாங்கில் ஒரு ஆசிரியர் வீட்டில் கட்டரில் செடியே முளைத்திருந்தது. கீழே பக்கச் சுவரில் புத்தம் புது பெயிண்ட்.

"கட்டரு அப்புறம் பார்த்துக்கலாம் அங்கிள். தீபாவளிக்கு ஆளுங்க வருவாங்க, மொதல்ல பெயிண்ட் முடிச்சிட்டோம்லா" என்றார்.

சாவியை எடுத்து அந்தப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். அடியில் புட்டி, புட்டிக்கு அடியில் விரிசல். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டும் என்று நின்றேன். கடைசியில் பைப்பை மாற்றி, தண்ணீரை வெளியே திருப்பிவிட்டு வந்தேன். அவர் இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

யாராவது வருகிறார்கள் என்றால் நம் ஆட்கள் முதலில் விரிசலைத்தான் மூடுவார்கள். சாணியாக இருந்தால் என்ன, பெயிண்டாக இருந்தால் என்ன. நீங்கள் வேலைக்குப் போகிற இடத்தில் எது ரொம்ப அழகாக, புதிதாக, வழவழவென்று இருக்கிறதோ அங்கே சுரண்டிப் பாருங்கள். வீட்டுக்காரர் திட்டுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. பாச்சாங்கில் என் கடையைச் சாயங்காலம் சாத்தும்போது தகரம், ஈயம், சுத்தியல் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுவேன். ஏணியை மட்டும் வெளியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போவேன். இரண்டு தடவை களவு போனது. மூன்றாவது வாங்கி அதே இடத்தில் சாய்த்து வைத்தேன். மகன் ஒரு நாள் சங்கிலியும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அதைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.